மதுரைக் கால்: ஒரு நோயின் பெயரும் சில வெறுங்கால்களும்

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்று மேடைதோறும் நாம் முழங்குகிற மதுரை, உலகத்தின் மருத்துவப் புத்தகங்களில் வேறொரு காரணத்துக்காக இடம் பிடித்திருக்கிறது. மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ் என்று ஒரு பூஞ்சை. ஆக்டினோமதுரா மதுரே என்று ஒரு பாக்டீரியா. இதில் ஊர்ப்பெயர் இரண்டு தடவை வருகிறது. கார்ட்டூமிலோ மெக்சிகோவிலோ படிக்கிற ஒரு மருத்துவ மாணவருக்கு மதுரை என்றால் கோயிலும் தெரியாது, வைகையும் தெரியாது. ஒரு கால் தெரியும். வீங்கி, உருக்குலைந்து, புரையோடி, சீழ் வடிகிற ஒரு மனிதக் கால். அதற்குப் பெயர் 'மதுரைக் கால்'. ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள முள்ளுக்காட்டு ஊர்களில் போய் இந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆனைக்காலா, கால் ஆணியா, சர்க்கரைப் புண்ணா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். ஊரின் பெயர் நோய்க்குப் போய்விட்டது. நோயின் பெயர் ஊருக்கு வந்து சேரவில்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

பூஞ்சை நோய்கள் குறித்து மக்களிடம் 'விழிப்புணர்வு' இல்லை என்பது இன்று எல்லோரும் சொல்கிற வாக்கியம். அரசு சொல்கிறது, மருத்துவர்கள் சொல்கிறார்கள், தொண்டு நிறுவனங்கள் சொல்கின்றன. விழிப்புணர்வு என்கிற இந்தச் சொல்லுக்குள் தூங்குகிறவர் ஒருவர் இருக்கிறார், எழுப்புகிறவர் ஒருவர் இருக்கிறார். தூங்குகிறவர் எப்போதும் வெறுங்காலோடு இருப்பதைக் கவனியுங்கள்.

முதலில் நோய் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். வெறுங்காலில் முள் தைக்கிறது. ஊசியால் நெம்பி எடுக்கிறோம், அல்லது எருக்கம்பால் வைக்கிறோம். முள் வந்துவிடும், சில சமயம் முனை உள்ளேயே தங்கிவிடும். அதோடு மண்ணில் இருக்கிற நுண்ணுயிர் ஒன்றும் சதைக்குள் போய்விடுகிறது. மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். பாதத்தில் ஒரு சின்னக் கட்டி கிளம்புகிறது. அது பெருத்து, தோலில் துளை விழுந்து, கசிவோடு குருணை குருணையாக ஏதோ வெளிவருகிறது. கருப்புக் குருணை என்றால் பெரும்பாலும் பூஞ்சை. வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்றால் பாக்டீரியாவாக இருக்கலாம். பூஞ்சையைப் போலவே இழை இழையாக வளர்வதால் நெடுங்காலம் பூஞ்சைக் கணக்கில் வைக்கப்பட்டிருந்த பாக்டீரியா அது. இந்த வேறுபாடு புத்தக வேறுபாடு அல்ல. பாக்டீரியா வகைக்கு அமிக்காசின், கோட்ரைமாக்சசோல் என்று கிடைக்கிற மருந்துகளே பெரும்பாலும் கேட்கும். பூஞ்சை வகைக்கு இட்ராகொனசோல் போன்ற விலை கூடிய மாத்திரையை ஓராண்டோ அதற்கு மேலோ விழுங்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் கத்திதான். நோய் எலும்பு வரைக்கும் போய்விட்டிருந்தால் காலையே எடுக்க நேர்கிறது.

இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலும் வலி இல்லை. இதுதான் இந்த நோயின் தந்திரம். வலிக்காத காலை வைத்துக்கொண்டு அன்றாடக் கூலிக்குப் போகிறவர் ஏன் ஒரு நாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? அவரிடம் இருப்பது அறியாமை அல்ல, கணக்கு.

1842இல் மதுரை மருந்தகத்தில் இருந்த கில் என்கிற ஆங்கிலேய மருத்துவர் தம் அறிக்கையில் இப்படிப்பட்ட கால்களைப் பற்றி எழுதினார். நவீன மருத்துவத்தில் இந்நோய்க்கு முதல் பதிவாகச் சொல்லப்படுவது அதுதான். 1846இல் அதே மதுரையிலிருந்து எழுதிய கோல்புரூக் 'மதுரைக் கால்' என்னும் பெயரை ஏட்டில் ஏற்றினார். அதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே எங்கல்பெர்ட் கேம்ப்பர் என்கிற ஜெர்மானிய மருத்துவர் மலபார்ப் பகுதியில் பார்த்த ஒரு கால் நோயைப் 'பெரிகால்' என்று நம் சொல்லாலேயே லத்தீனில் எழுதியிருக்கிறார். 1712இல் வந்த அவருடைய பெரிய நூலிலும் அது உண்டு. அவர் பார்த்தது இதைத்தானா அல்லது ஆனைக்காலையா என்பதில் மருத்துவ வரலாற்றாசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கேம்ப்பர் காலத்தில் நோய்க்கு மக்கள் வைத்த பெயர் லத்தீனுக்குள் நுழைய முடிந்தது. கில், கோல்புரூக் காலத்தில் நோய் ஓர் ஊரின் பெயரால், அதாவது ஒரு நிர்வாக மாவட்டத்தின் பெயரால் அழைக்கப்படுகிறது. நடுவில் கம்பெனி ஆட்சி வந்துவிட்டது. நிலம் அளந்த கையே உடலையும் அளக்கத் தொடங்கியது. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து வருகிறவர்தான் இந்தக் கதையின் நாயகர். ஹென்றி வாண்டைக் கார்ட்டர். 1858இல் லண்டனில் வெளிவந்து இன்றுவரை மருத்துவ மாணவர்கள் சுமக்கிற கிரேயின் உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்தவர். நூல் கிரேயின் பெயரால் நின்றுவிட்டது. கார்ட்டருக்கு ஒரே தடவையாகக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். அந்த ஆண்டே அவர் கப்பலேறி பம்பாய் வந்து சேர்ந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டு, வெட்டப்பட்ட கால்களை அறுத்துப் பார்த்து, நுண்ணோக்கியில் வைத்து, படம் வரைந்தார். 1860இல் இது ஒரு பூஞ்சை நோய் என்று எழுதினார். 'மைசெட்டோமா', அதாவது பூஞ்சைக் கட்டி, என்பது அவர் இட்ட பெயர். 1874இல் வந்த அவருடைய நூல் இதை 'இந்தியாவின் பூஞ்சை நோய்' என்றே தலைப்பில் சொல்லிற்று. மதுரையின் நோய் இந்தியாவின் நோயாயிற்று.

கார்ட்டரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கிருமிகளால் நோய் வரும் என்பதே சந்தேகத்துக்குரிய சங்கதியாக இருந்த நாட்களில், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் மனிதச் சதைக்குள் வளர்ந்து எலும்பைத் தின்னும் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். ஆனால் அவர் நம்பிய பூஞ்சை வேறு. ஒரு காலிலிருந்து எடுத்த பொருளில் வளர்ந்த இளஞ்சிவப்புப் பூசணத்தை இங்கிலாந்தின் பெரிய பூஞ்சையியலாளரான பெர்க்லி பாதிரியார் சோதித்து, கார்ட்டரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பின்னால் பார்த்தால் அது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பூசணம். நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1875இல் கல்கத்தாவிலிருந்து லூயிஸ், கன்னிங்ஹாம் என்ற இருவர் இந்த நோய்க்குப் பூஞ்சை காரணமே அல்ல என்று மறுத்து எழுதினார்கள். இருபது வருஷம் சண்டை. 1894இல் அல்ஜீரியாவில் வேலை பார்த்த வின்சென்ட் என்கிற பிரெஞ்சுக்காரர் வெள்ளைக் குருணையிலிருந்து ஓர் உயிரைப் பிரித்து வளர்த்து அதற்கு மதுரையின் பெயரை வைத்தார். 1905இல் புரும்ப்ட் கருப்புக் குருணைப் பூஞ்சைக்கு மதுரெல்லா என்று பேரினப் பெயர் கொடுத்தார். 1913இல் பினாய் இவ்விரண்டும் வேறுவேறு என்று பிரித்து வைத்தார். பம்பாய், கல்கத்தா, அல்ஜீரியா, பாரிஸ் என்று இவ்வளவு இடங்களில் இவ்வளவு பேர் பேசியிருக்கிறார்கள். காலுக்குச் சொந்தக்காரர் எங்கும் பேசவில்லை. இந்தக் காலம் முழுவதும் அவருக்குக் கிடைத்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: காலை எடுப்பது. எடுத்த கால் அருங்காட்சியகப் புட்டிக்குப் போனது. காலில்லாத விவசாயக் கூலி எங்கே போனார் என்பது அறிக்கையில் வருகிற விஷயமல்ல.

இங்கே நம்மவர்கள் உடனே எழுந்து நிற்பார்கள்: இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததா, அதர்வ வேதத்திலேயே இருக்கிறதே! இந்நோய் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் பாதி 'பாத வல்மீகம்' என்ற சொல்லோடுதான் தொடங்கும். எந்தக் காண்டம், எந்த மந்திரம் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். சுசுருதரின் நூலில் சிறுநோய்களின் வரிசையில் 'வல்மீகம்' இருப்பது உண்மை. உள்ளங்கால், உள்ளங்கை, கழுத்து என்று வருகிற, புற்றைப் போலப் பல வாய் திறந்த வீக்கம் என்கிற விவரிப்பு மிகவும் பொருந்தி வருகிறது. வல்மீகம் என்றால் புற்று. அழகான உவமைதான். தமிழில் அந்தப் புற்று இடம் மாறிப் புற்றுநோய்க்குப் போய்விட்டது. காலுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சரி, பெயர் மூவாயிரம் வருஷமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மூவாயிரம் வருஷமாகத் தெரிந்த ஒரு நோய்க்கு ஒரு ஜோடி செருப்பு ஏன் வரவில்லை என்று பெருமைக்காரர்கள் யாராவது கேட்டிருக்கிறார்களா?

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். காலனிய மருத்துவர்கள் வெறுங்காலைப் பார்த்தார்கள். மண்ணைப் பார்த்தார்கள், கரிசலா செம்மண்ணா என்று விவாதித்தார்கள். முள்ளைப் பார்த்தார்கள். வெறுங்கால் அவர்களுக்கு நாட்டு வழக்கம், வெயில் மாதிரி, மழை மாதிரி இயற்கையின் ஒரு பகுதி. இயற்கையா அது?

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு விதித்த எட்டுத் தடைகளின் பட்டியலை, 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. சட்டை போடக் கூடாது. முடி வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. எட்டாவது தடை: ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் எட்டு பதினொன்றாயிற்று.

இராமநாதபுரம் எங்கே இருக்கிறது? மதுரைக்கு அடுத்த வீட்டில். கருவேலங்காட்டு மண். கில்லும் கோல்புரூக்கும் பார்த்த கால்கள் நடந்த மண்ணின் தொடர்ச்சி. ஹட்டனின் பட்டியலைச் சாதி ஆய்வாளர்கள் படித்தார்கள், மருத்துவர்கள் படிக்கவில்லை. கார்ட்டரின் நூலை மருத்துவர்கள் படித்தார்கள், நாம் படிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்தக் கால் முழுசாகத் தெரிகிறது. செருப்பைத் தைக்கிறவன் செருப்புப் போட்டுத் தெருவில் நடக்கக் கூடாது என்கிற ஊரில் முள் யார் காலில் தைக்கும் என்று கேட்பதற்கு நுண்ணோக்கி வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்த நோய் தலித்துகளுக்கு மட்டும் வருகிறது என்று நான் சொல்லவில்லை. முள்ளுக்குச் சாதி தெரியாது. ஆடு மேய்க்கிறவர், விறகு வெட்டுகிறவர், வெள்ளாமைக்காரர் எல்லோருக்கும் வருகிறது. வறுமையால் வெறுங்காலானவர்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. ஆனால் வறுமையால் வெறுங்காலாக இருப்பதும், கட்டளையால் வெறுங்காலாக இருப்பதும் ஒன்றல்ல. முன்னவரிடம் போய்ச் 'செருப்புப் போடுங்கள்' என்று சுகாதாரப் பிரசாரம் செய்யலாம், பலன் இருக்கலாம். பின்னவரிடம் அதையே சொன்னால் அவர் சிரிப்பார், அல்லது தெருமுனை வரைக்கும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவார். 2006இல் வெளிவந்த கிராமப்புறத் தீண்டாமை பற்றிய ஆய்வு, 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தப்பட்டது. பொதுத் தெருவில் செருப்புக்குத் தடை என்பது அதிலும் வருகிறது. பழங்கதை அல்ல.

இதே மதுரையில் இன்னொரு பூஞ்சையும் உண்டு. அது கண்ணைப் பிடிக்கிறது. கதிர் அறுக்கும்போது, போர் அடிக்கும்போது நெல் தாளோ உமியோ கண்ணில் கீறிவிட்டால் பியூசேரியம் போன்ற பூஞ்சைகள் கருவிழியில் புண் வைக்கின்றன. மதுரை மாவட்டத்தில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பூஞ்சை அதில் பெரும் பங்கு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு மாவட்டக் கணக்கைப் போலப் பத்து மடங்கு. கண் வலிக்கும், பார்வை மங்கும்; எனவே ஜனங்கள் ஓடி வருகிறார்கள். வந்ததால் கணக்கு இருக்கிறது. கணக்கு இருந்ததால் மருந்துச் சோதனைகளும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலேயே நடந்தன. காலுக்கு இந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

பூஞ்சை நம் ஜனங்களுக்குத் தெரியாத சங்கதி என்பதையும் நான் ஏற்கமாட்டேன். மொழியைக் கேளுங்கள். பூசணம், பூஞ்சணம், பூஞ்சக்காளான். தோலில் வந்தால் படை, படர்தாமரை, தேமல். நடவு நட்ட பெண்களின் கால் விரலிடுக்கில் வந்தால் சேற்றுப்புண். படைக்கு அரைத்துப் போடுகிற சீமையகத்திக்கு வண்டுகொல்லி என்று பெயர். இது ஒரு முழு அகராதி. நம் பண்டிதர்களோ சங்கப் பாட்டில் பெண்ணின் மார்பில் வரும் சுணங்கையும் வயிற்றில் வரும் திதலையையும் அழகுத் தேமல் என்று உரையெழுதி மகிழ்ந்தவர்கள். தேமலை அழகாக்கிய இலக்கியம் சேற்றுப்புண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது நடவு வயலில் இருந்தது. பிறகு தேமல் ஒரு தடவை பொதுச்சுவருக்கு வந்தது. தொழுநோய் ஒழிப்புத் திட்டம் ஊர் ஊராக எழுதிய சுவர் விளம்பரங்களில், உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையாக. அது தேவையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பூஞ்சைத் தேமல் தன் பெயரில் சுவரேறவில்லை. இதே காலத்தில், 1955இல் தொடங்கி, ஆனைக்காலுக்கு ஒரு தேசியத் திட்டம் இருந்தது. மதுரைக் காலுக்கு இல்லை. கொசுவை ஒழிக்கலாம், மாத்திரை கொடுக்கலாம். முள்ளையும் வெறுங்காலையும் என்ன செய்வது என்று எந்த இலாகாவுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

அரசு விட்ட இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது. படைக்கு மருந்துக்கடையில் கேட்டால் ஒரு டியூப் தருவார்கள். அதற்குள் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு அரிப்பை அன்றைக்கே அடக்கும். தோலின் எதிர்ப்பையும் அடக்கும். பூஞ்சை உள்ளே சுகமாக வளரும். போடும்போது போகும், விட்டால் இரண்டு பங்காக வரும். 2018இல் ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று ஆணை வந்தது. அதற்குள் வழக்கமான டெர்பினாபின் மருந்துக்கு அடங்காத ஒரு பூஞ்சை நாடெங்கும் பரவிவிட்டிருந்தது. 2020இல் அறிவியலாளர்கள் அதற்குச் சூட்டிய பெயரில் இந்தியா இருக்கிறது: ட்ரைக்கோபைட்டான் இன்டோடினியே. முன்பு மதுரை, இப்போது இந்தியா.

பிறகு 2021 வந்தது. கொரோனாவின் இரண்டாம் அலையில் 'கருப்புப் பூஞ்சை' என்று தொலைக்காட்சிகள் ராத்திரி பகலாக அலறின. மியூக்கர் வகைப் பூஞ்சைகள் கருப்பல்ல; ரத்த ஓட்டம் நின்று செத்த சதைதான் கருக்கிறது. அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஜூன் 28 அன்று நடுவண் அரசு சொன்ன கணக்கு 40,845 பேர். அவர்களில் 64 விழுக்காட்டினர் சர்க்கரை நோயாளிகள். பாதிக்கு மேற்பட்டோர் ஸ்டீராய்டு பெற்றவர்கள். ஆம்ஃபோடெரிசின் மருந்துக்கு ஜனங்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். அந்தச் சாவுகளின் கொடுமையை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் ஒரு பூஞ்சை நோய் சில வாரங்களில் எல்லோர் வாயிலும் வந்ததென்றால், கணக்கு எடுக்கப்பட்டதென்றால், அறிவிக்கை வந்ததென்றால், இவையெல்லாம் முடியும் என்றுதானே அர்த்தம்? மதுரைக் காலுக்கு இந்த வேகம் 180 வருஷமாக வரவில்லை. அது தொற்றிப் பரவுவதில்லை; அடுத்தவரை மிரட்டாத நோய். நகரத்து வீட்டுக் கதவைத் தட்டாத நோய்.

2016 மே மாதம், சூடானின் முன்முயற்சியில், உலகச் சுகாதாரப் பேரவை மைசெட்டோமா குறித்துத் தீர்மானம் போட்டு அதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உலகில் எத்தனை பேருக்கு இந்நோய் இருக்கிறது என்று இன்றும் சரியான கணக்கு இல்லை. 2022 அக்டோபரில் அந்நிறுவனம் வெளியிட்ட 19 முக்கியப் பூஞ்சைகளின் பட்டியலில் பூஞ்சை வகை மைசெட்டோமா உயர் முன்னுரிமைப் பிரிவில் வந்தது. பெயர் கொடுத்த ஊரின் நாடு செய்யாததைச் சூடான் செய்தது. கார்ட்டூமில் 1991 முதல் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் நடந்தது. வாரம் ஒருமுறை விழுங்கும் புதிய மாத்திரை ஒன்று 2017இல் தொடங்கி அங்கேதான் சோதிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் வெடித்த உள்நாட்டுப் போரில் அந்த மையம் அழிந்தது. நாற்பதாண்டுகளாகச் சேர்த்த மாதிரிகளும் தரவுகளும் போயின. நம் பத்திரிகைகளில் அது ஒரு பெட்டிச் செய்தியாகக்கூட என் கண்ணில் படவில்லை.

அதே 2016இல், ஜனவரி 26 அன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதை, புத்தாடை உடுத்துவதை, செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நான்கு மாத இடைவெளியில் ஜெனீவாவில் காலுக்கு ஒரு தீர்மானம், டெல்லியில் செருப்புக்கு ஒரு சட்டம். இரண்டு காகிதங்களும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

சந்திக்க வைக்கிற வேலையை நம்மில் சிலர் செய்யலாம். தீண்டாமை குறித்து உண்மை அறியப் போகிற குழுக்களின் படிவத்தில் இரட்டைக் குவளை, கோயில் நுழைவு, சுடுகாட்டுப் பாதை, முடிதிருத்தகம் என்று வரிசை இருக்கும், செருப்பும் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட இடம் இருக்கிறது: வலிக்காத, ஆறாத வீக்கம் பாதத்தில் யாருக்காவது உண்டா, துளை வழியே குருணை வருகிறதா, என்ன நிறம்? கேட்பதற்கு மருத்துவப் பட்டம் வேண்டாம். உண்டென்றால், சீழை அல்ல, குருணையை, ஈரம் காயாமல் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். கருப்பா வெள்ளையா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். கால் தப்புவது சீக்கிரம் போவதைப் பொறுத்தது.